கெஃபிர் மணி கொண்டுபோனவர்களுக்கும் கொண்டுபோக நினைப்பவர்களுக்கும்

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

கெஃபிர் மணி என்பது பாலைப் புளிக்கவைத்து, கெஃபிர் என்ற தயிர்போன்ற பானமாக்கும் உறை. அதை வாங்கியவர்களில் கனபேர் திரும்பிவந்து கேட்பது ஒன்றுதான்: "புளிச்சு, தண்ணி வேற கட்டி வேறயாப் பிரிஞ்சிட்டு, மணி பழுதாப்போச்சா?" இல்லை, நேரம்தான் கூடிவிட்டது. இணையத்தில் 24 மணித்தியாலம் என்று போட்டிருப்பது 20, 22 பாகையில் இருக்கிற குசினிக்கான கணக்கு. மட்டக்களப்பு வெயிலில் இரவு ஊற்றிவைத்தால் பெரும்பாலும் விடிய வடிக்கலாம்.

அரை லீற்றர் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி மணி காணும், கூடப் போட்டால் கூடத்தான் புளிக்கும். பாலைக் காய்ச்சி நன்றாக ஆறவிட்ட பிறகே மணியைப் போடுங்கள், சூட்டில் போட்டால் செத்துவிடும். பசும்பால் நல்லது, எருமைப்பால் என்றால் இன்னும் தடிப்பாக வரும். கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் வைத்துவிடுங்கள். மூடியை இறுக்கிப் பூட்ட வேண்டாம், உள்ளே வாயு உண்டாகும்.

காலையில் போத்தலை மெல்லச் சரித்துப் பாருங்கள். பால் ஓடாமல் தடித்து அசைந்து, ஓரத்தில் மெல்லிய கோடாக மஞ்சள் நீர் தெரியத் தொடங்கினால் சரி, வடித்துவிடலாம். பிளாஸ்டிக் வடியில் மெதுவாகக் கிண்டினால் கோலிஃபிளவர் துண்டுபோல மணி மேலே நிற்கும், அதை அப்படியே புதுப் பாலில் போடுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் அதற்கு ஆகாது. அலுமினியச் சட்டியும் வேண்டாம். முதல் இரண்டு மூன்று தரம் ருசி ஒழுங்காக வராது, மணி புதுப் பாலுக்குப் பழக வேண்டுமே.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். நம்ம சட்டித் தயிரை உறைய வைப்பது பக்டீரியா மட்டும்தான், இதில் ஈஸ்டும் சேர்ந்திருக்கிறது. அதனால் நாக்கில் லேசாக விறுவிறுக்கும், மிகச் சிறிதளவு அற்ககோலும் உண்டாகும், நேரம் கூடக்கூட அதுவும் கூடும். மார்க்க ரீதியாக யோசிப்பவர்கள் தெரிந்த மௌலவியிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள், விற்கிற அவசரம் எங்களுக்கு இல்லை. சீனி வருத்தத்துக்கு இது மருந்து என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் குடிக்கவே வேண்டாம்.

ரோஸ் நிறமோ கறுப்போ பூஞ்சணமோ கண்டால் பாலையும் மணியையும் சேர்த்தே கொட்டிவிடுங்கள்.

ஊருக்குப் போவதென்றால் புதுப் பாலில் மணியைப் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒரு கிழமை தாங்கும். மணி பெருகினால் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள், எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்றில்லை.