அப்பாவின் நெஞ்சு நீரில் தடைசெய்த டெஸ்ட் செய்தது பற்றிய புகார்

வணக்கம்.

போன மாதம் என் அப்பாவின் நுரையீரலைச் சுற்றிக் கோத்திருந்த நீரை உங்கள் லேப் கிளையில் கொடுத்தோம். டாக்டர் சீட்டில் எழுதியிருந்தது செல் கவுண்ட், புரோட்டீன், டிபியைக் கண்டுபிடிக்க உதவும் ஏடிஏ, டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட். கவுண்டரில் இருந்தவரோ "ஏடிஏ இங்கே எடுப்பதில்லை, அதைவிட நல்ல டிபி டெஸ்ட் இருக்கிறது" என்று சொல்லி ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) டெஸ்டுக்கு 1,450 ரூபாய் பில் போட்டார். நம்பிக் கட்டினோம்.

மறுநாள் ரிப்போர்ட்டில் "டிபி ஐஜிஜி பாசிட்டிவ்" என்று தடித்த எழுத்தில் இருந்தது. ஐஜிஜி என்பது ஒரு வகை ஆன்டிபாடி. அம்மா அன்றைக்கே அப்பாவின் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

டாக்டர் அதைப் பார்த்ததுமே ஓரமாக வைத்துவிட்டார். உடம்பு எப்போதோ அந்தக் கிருமியைச் சந்தித்திருந்தாலும் ஆன்டிபாடி இருக்கும், ரத்தத்தில் இருப்பது நெஞ்சு நீரிலும் கசிந்து வரும், இப்போது நோய் இருக்கிறதா என்பதை அது சொல்லாது, நிஜமாகவே டிபி இருப்பவருக்கு நெகட்டிவ் காட்டுவதும் உண்டு என்றார். ஏடிஏ ஆன்டிபாடியே இல்லை, அது ஒரு என்சைம். நீரில் லிம்போசைட் என்ற வெள்ளை அணு அதிகமாக இருந்து ஏடிஏ லிட்டருக்கு 40 யூனிட்டுக்கு மேல் போனால்தான் நம் ஊரில் டிபியை வலுவாகச் சந்தேகிப்பார்களாம்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். இந்த வகை டிபி ஆன்டிபாடி டெஸ்டை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே சொல்லிவிட்டது. 2012 ஜூனில் மத்திய அரசு இந்தக் கிட்டுகளின் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை, பயன்பாடு எல்லாவற்றையும் தடை செய்தது. தடை செய்த டெஸ்டுக்கு எப்படி பில் போட்டீர்கள்?

பணத்தைவிட எனக்கு ஆறாதது வேறு. மீதி நீரைக் கேட்டு வந்தபோது "கொட்டிவிட்டோம்" என்றார்கள். அதனால் 68 வயது மனிதர் மறுபடியும் தலையணையைக் கட்டிப்பிடித்துக் குனிந்து உட்கார்ந்து, விலா இடுக்கில் ஊசி வாங்கினார். நான்தான் கையைப் பிடித்திருந்தேன், விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. இந்த முறை வேறு லேபில் கொடுத்தோம், ஏடிஏ 71 வந்தது, மாத்திரை ஆரம்பித்தாயிற்று. உங்களால் போனது ஒன்பது நாள்.

1,450 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், அந்த ரிப்போர்ட் செல்லாது என்று எழுத்தில் தாருங்கள். எல்லாக் கிளைகளின் பட்டியலிலிருந்தும் அந்த டெஸ்டை எடுத்ததையும் தெரிவியுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் பில், ரிப்போர்ட், டாக்டர் சீட்டு மூன்றையும் சேர்த்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும் நுகர்வோர் ஆணையத்திலும் கொடுப்பேன்.