ஸ்டாஃபோர்டுக்கு எழுந்து நின்றிருக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேத்யூ ஸ்டாஃபோர்டைப் பற்றி டெட்ராய்ட்காரர்கள் ஏன் இரண்டு விதமாகப் பேசுகிறோம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். 2008இல் நம் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான லயன்ஸ் 16 ஆட்டங்களிலும் தோற்றது. அடுத்த ஆண்டு, கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், லயன்ஸ் முதல் ஆளாக எடுத்த குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் வீரர்) அவர். முதல் சீசனிலேயே, கிளீவ்லாந்து பிரவுன்ஸுக்கு எதிராக, இடது தோள்பட்டை விலகிய வலியோடு கடைசிப் பந்தை வீசி 38-37 என ஜெயிக்க வைத்தார். அதைப் பார்த்தவர்களால் அவரை வெறுக்கவே முடியாது.

ஆனால் 12 சீசன்களில், பிளேஆஃப் எனும் நாக்-அவுட் சுற்றில் ஒரு வெற்றிகூட இல்லை. 2021இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குப் போனார். அங்கே முதல் சீசனிலேயே சூப்பர் பவுல், அதாவது லீக்கின் இறுதிப்போட்டிக் கோப்பை! அன்று கைதட்டினேன், அப்புறம் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். குறை அவரிடம் இல்லை, நம் அணியிடம்தான் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. வலித்தது அதுதான்.

2024 ஜனவரியில் அவர் ராம்ஸ் சட்டையில் நம் ஃபோர்டு ஃபீல்டு அரங்கத்துக்கு வந்தபோது நம் ஆட்கள் ஊளையிட்டார்கள். சரி, பிளேஆஃப் ஆட்டம், எதிரணி. அவருக்குப் பதிலாக வந்த ஜாரெட் கோஃபின் பெயரை அரங்கமே முழங்கியதும் நியாயம்தான். ராம்ஸ் வேண்டாமென்று அனுப்பிய மனிதர் அவர். 24-23 என ஜெயித்தோம், 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பிளேஆஃப் வெற்றி. நானும் அழுதேன். ஆனாலும் 12 ஆண்டுகள் நமக்காக அடிவாங்கி ஆடியவருக்கு, ஆட்டம் தொடங்குமுன் ஒரு நிமிடம் எழுந்து நின்றிருக்கலாம்.

- லயன்ஸ் ரசிகர், டெட்ராய்ட்