மேல்மாடிக் கணினி அறை: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

நம் ஆலயக் குடமுழுக்குத் திருப்பணியில் கடைசியாக மிச்சமிருந்தது மேல்மாடி நூலக அறை. அதைக் கல்லூரி மாணவர்களுக்கான கணினி அறையாக மாற்றும் வேலை முடிந்து, பிள்ளைகளும் வரத் தொடங்கிவிட்டார்கள். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு அலுவலகப் பலகையில் இருக்கிறது. பணம் ஏன் இந்த வகையில் செலவானது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

பொதுக்கூட்டத்தில் எழுந்த கேள்வி நினைவிருக்கும்: "கைபேசியிலேயே எல்லாம் செய்கிற பிள்ளைகளுக்கு எதற்கப்பா கணினி வகுப்பு?" நியாயமான கேள்விதான். உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் சொந்தக் கற்றல் சாதனம் இருக்க வேண்டும் என்று சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 2020 மார்ச்சில் அறிவித்தது. முதலில் வைத்த இலக்கு 2028. கொவிட் வந்ததும் அதை 2021 இறுதிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே இன்று பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும் தொடக்கக் கல்லூரிக்கும் போகிறவர்களில் பலர் ஐபேடிலோ குரோம்புக்கிலோ வளர்ந்தவர்கள். அவற்றில் எழுதியது பெரும்பாலும் தானாகவே சேமிக்கப்படும், தேடினால் கிடைக்கும். கோப்பு எங்கே இருக்கிறது என்று யோசிக்கும் வேலையே இல்லை. கல்லூரியில் நாலைந்து பேர் சேர்ந்து ஒப்படைப்பு செய்யும்போதுதான், யாரிடம் இருப்பது கடைசிப் பிரதி என்று தெரியாமல் முழிக்கிறார்கள்.

குழு இதைக் கண்ணாரப் பார்த்தது. குடமுழுக்கு அழைப்பிதழுக்காக முகவரிப் பட்டியலை எக்செலில் ஏற்ற ஒரு மாணவி முன்வந்தார். தட்டச்சு வேகம் அபாரம். ஆனால் தஞ்சோங் பகார் பக்கத்து அஞ்சல் குறியீடுகள் சுழியத்தில் தொடங்கும். எக்செல் அவற்றை வெறும் எண்களாக எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த சுழியத்தை விழுங்கிவிட்டது. ஆறு இலக்கம் ஐந்தாகி, உறையில் ஒட்டும் சீட்டுகள் அச்சான பிறகுதான் பொருளாளர் கண்ணில் பட்டது. அந்த நெடுவரிசையை முன்கூட்டியே எண்ணாக இல்லாமல் எழுத்தாக (Text) எடுத்துக்கொள்ளும் வகைக்கு மாற்றியிருந்தால் போதும், அரை நிமிட வேலை. அதை அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அன்னதானக் கணக்கிலும் இதே கதை. ஒரு தம்பி கைபேசியில் கூட்டிப் பார்த்து, வந்த விடையைக் கட்டத்தில் தட்டியிருந்தார். அரிசி விலையைத் திருத்தினோம், மொத்தம் அசையவில்லை. கூட்டல் சூத்திரத்தைப் போட்டுக் காட்டியதும், "அங்கிள், இது தானா மாறுது!" என்றார். நல்ல கெட்டிக்காரப் பையன், படிப்பதும் கணக்கியல்தான்.

இதனால்தான் மடிக்கணினி வாங்காமல் பெரிய திரையும் முழு விசைப்பலகையும் உள்ள மேசைக்கணினிகளுக்குப் போனோம். உபயமாக வந்த பழைய கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பயன்படுத்த முடியவில்லை. உபயதாரர்கள் சிலருக்கு இதில் வருத்தம் என்று அறிகிறோம். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. அந்தப் பழைய இயந்திரங்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் பிள்ளைகளை அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கைத் திறக்கச் சொல்வது சரியில்லை. அவற்றிலிருந்த தகவலை அழித்துவிட்டு மின்கழிவுச் சேகரிப்புக்குக் கொடுத்தோம்.

மின்சார வேலை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இழுத்தது. சுவரில் இருந்தவை இரண்டே செருகுதுளைகள், மற்றதெல்லாம் நீட்டுக் கம்பியில் ஓடிக்கொண்டிருந்தது. உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்துத் தனி இணைப்பு இழுத்து, மின்கசிவுத் துண்டிப்பானும் பொருத்தியிருக்கிறோம். தச்சு வேலை, சாயம், குளிர்சாதனம் எல்லாம் வழக்கமான செலவுதான்.

தமிழ்த் தட்டச்சைச் சேர்க்கலாமா என்று குழுவுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. கல்லூரிக்கு உதவாது என்றார்கள் சிலர். தமிழ் இணைய மாநாடு 1997இல் முதன்முதலாக நடந்தது நம் ஊரில். முன்னின்று நடத்தியவர் இங்கே ஆசிரியராக இருந்த நா. கோவிந்தசாமி. அப்படிப்பட்ட ஊரில், கல்லூரித் தமிழ் மன்றத்து அறிவிப்பை யாரோ அடித்த படமாக அனுப்புகிறார்கள், ஒரு எழுத்துப் பிழையைக்கூடத் திருத்த முடியவில்லை. வாக்குவாதம் அதோடு முடிந்தது. எல்லாக் கணினிகளிலும் தமிழ்99 விசைமுறை இருக்கிறது.

வகுப்பில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. கோப்புக்குத் தேதியோடு பெயர் வைப்பது, கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்குவது, இரண்டு இடத்தில் பிரதி வைப்பது, விரிவுரையாளருக்குத் தலைப்போடு மின்னஞ்சல் எழுதுவது, அப்புறம் எக்செல். பொதுக் கணினியை விட்டு எழும்போது கணக்கிலிருந்து வெளியேறுவதை மட்டும் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லிக்கொண்டே இருப்போம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிப்பவர்கள் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அக்கா, அண்ணன் என்று கூப்பிட்டுத் தயங்காமல் கேட்கிறார்கள். எங்களிடம் கேட்கும்போது அந்தச் சகஜம் இல்லை.

அச்சுப்பொறி மையும் தாளும் இப்போதைக்கு ஆலயச் செலவு. உபயம் ஏற்க விரும்புவோர் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். அறை சனி, ஞாயிறு மாலைப் பூசைக்குப் பிறகு திறந்திருக்கும், சாவி முகப்பில் இருக்கும். தேர்வுக் காலத்தில் வார நாளிலும் திறக்கச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். மேற்பார்வைக்கு ஆள் கிடைத்தால் திறந்துவிடலாம். ஓய்வுபெற்ற உறுப்பினர்கள் செயலாளரிடம் பேசவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு