டயர் கிழிஞ்சா தலையெழுத்து இல்ல ஐயா, காரணம் இருக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர எங்க வீட்டுல அப்பா காலத்துல இருந்தே வாங்கிட்டு வர்றோம், பந்து விளையாட்டுச் செய்தியெல்லாம் நல்லா எழுதுறீங்க, எந்த ஆட்டக்காரர் எங்க நின்னாரு, எந்த நிமிஷத்துல கோச் ஆள மாத்துனாருன்னு வரி வரியா வருது. ஆனா கார் ரேஸ், மோட்டார் ரேஸ்னு வந்தா மட்டும் நாலே வரி. யாரு ஜெயிச்சா, எத்தன புள்ளி, யாரோட வண்டி பாதியில நின்னுச்சு, முடிஞ்சுது. அதுலயும் ஒருத்தருக்கு டயர் போயிட்டா, இன்ஜின் போயிட்டா, பாவம் அவரு நேரம் சரியில்லன்னு எழுதி விட்டுடுறீங்க. அத பத்திதான் இந்த லெட்டர்.

நான் பந்திங்ல ஒரு டயர் கடையில வேல செய்றேன். செம்பனைக் குலை ஏத்துற லோரிங்கதான் எங்களுக்கு முக்கால்வாசி வேல. கழட்டுன டயர தரையில போட்டு கையால தடவிப் பாத்தாலே அது எதனால போச்சுன்னு சொல்லிடலாம், நடுவுல மட்டும் தேஞ்சிருந்தா காத்து அதிகம், ரெண்டு ஓரமும் தேஞ்சிருந்தா காத்து கம்மி, ஒரு ஓரம் மட்டும்னா அலைன்மெண்ட் ஓடியிருக்கு, சைடுவால், அதாவது டயரோட பக்கச்சுவர், வெடிச்சிருந்தா பெரும்பாலும் ஓவர்லோடு, இல்லன்னா கம்மி காத்தோட வெயில்ல நெடுந்தூரம் ஓடி உள்ளுக்குள்ள சூடேறி இருக்கும். காரணம் இல்லாம டயர் போறதில்ல ஐயா. ஃபார்முலா ஒன் டயரும் அப்படித்தான், அதுக்கு ஒரு விசாரணையே நடத்தி அறிக்கை விடுறாங்க, அது ஏன் நம்ம தமிழ் பேப்பர்ல வரக்கூடாது?

2013ல இங்கிலாந்து சில்வர்ஸ்டோன் ரேஸ் நடந்தப்போ ஹாமில்டன், மாஸா, வெர்ன்னு டிரைவருங்க ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தரா பின்பக்க இடது டயர் கிழிஞ்சு பறந்துச்சு, பெரேசுக்கும் டயர் போச்சு. டயர் செஞ்சு கொடுக்குற பிரெல்லி கம்பெனி அப்புறமா என்ன சொன்னாங்கன்னா, டீமுங்க பின் டயர வலது இடது மாத்திப் போட்டிருந்தாங்க, காத்து கம்மியா வச்சிருந்தாங்க, கேம்பர், அதாவது சக்கரம் சாயுற கோணத்த, அளவுக்கு மீறி வச்சிருந்தாங்க, அதோட வளைவு ஓரத்துல மேடா இருக்குற கெர்ப் மேல வேற ஏறி ஏறி ஓட்டுனாங்க. இத படிச்சப்போ எங்க கடையில ஒருத்தரும் ஆச்சரியப்படல. ஏன் அப்படி செய்றாங்கன்னா காத்து கொஞ்சம் கம்மியா இருந்தா டயர் ரோட்டுல அகலமா உக்காரும், பிடிப்பு கூடும், லேப்புக்கு, அதாவது ஒரு சுத்துக்கு, ஒரு செகண்ட்ல ஒரு துளி கெடைக்கும். அந்த ஒரு துளிக்காக சைடுவால் எவ்வளவு மடங்குது, எவ்வளவு சூடாகுதுங்கிறத பணயம் வைக்கிறாங்க. 2021ல அசர்பைஜான்ல பாகு நகரத்து ரேஸ்ல வெர்ஸ்டாப்பன் முன்னால போயிட்டு இருக்குறப்போ நேர் ரோட்டுல முழு வேகத்துல பின் இடது டயர் போச்சே, அப்பவும் பிரெல்லி விசாரிச்சு தயாரிப்புக் குறை இல்ல, வண்டி ஓடுன நிலைமைதான் காரணம்னு சொன்னாங்க, டீமோ, பிரெல்லி கொடுத்த அளவுப்படிதான் காத்து வச்சோம்னு சொல்லுச்சு, கடைசியில காத்தையும் டயர் சூட்டையும் சோதிக்கிற விதிய இன்னும் இறுக்கிட்டாங்க. அவ்வளவு பெரிய விவகாரம், அத நேரம் சரியில்லன்னு ஒரு வரியில எழுத முடியுமா?

இன்னொண்ணு, எங்க ஊருல இருந்து ரொம்ப தூரம் இல்ல செப்பாங். 1999ல இருந்து 2017 வரைக்கும் ஃபார்முலா ஒன் அங்க ஓடுச்சு, 5.543 கிலோமீட்டர், 56 லேப், மத்தியான வெயில், நடுவுல எப்ப வேணாலும் மழ. ஐரோப்பாவுல ஓட்டி ஜெயிச்சுட்டு வர்றவங்களுக்கே அந்த ரோடு வேற பாடம் எடுக்கும். 2015ல நடந்தத நான் மறக்கவே மாட்டேன். அந்த வருஷம் மெர்சிடிஸ்தான் வேகமான கார், எல்லாருக்கும் தெரியும். நாலாவது லேப்புல ஒரு கார் மணல்ல மாட்டி சேஃப்டி கார் வந்துச்சு, சேஃப்டி கார் வந்தா எல்லாரும் மெதுவா போறதால அப்ப டயர் மாத்துற இடமான பிட்டுக்குள்ள போனா நஷ்டம் கம்மி, அதனால மெர்சிடிஸ் ரெண்டு காரையும் உள்ள கூப்பிட்டு டயர மாத்திட்டாங்க. கேக்க சரியாத்தான் இருக்கு. ஆனா ஃபெராரி டீம் தங்க டிரைவர் வெட்டல உள்ள கூப்பிடாம வெளியவே விட்டுட்டாங்க. தார் ரோடு 60 டிகிரி பக்கம் கொதிக்குது, அந்த சூட்டுல மெர்சிடிஸ் டயர் சீக்கிரம் கரையும், ஃபெராரி டயர மெதுவா திங்கும், அதனால நாம ரெண்டு தடவ நின்னா போதும், அவங்க மூணு தடவ நிக்கணும்னு கணக்கு. மெர்சிடிஸ் திரும்ப வெளிய வந்தப்போ மெதுவான காருங்க கூட்டத்துல மாட்டிக்கிட்டாங்க, ஒவ்வொருத்தரையா தாண்டித் தாண்டி புது டயரையும் சூடாக்கி கெடுத்துக்கிட்டாங்க, வெட்டல் காலியான ரோட்டுல நிம்மதியா ஓட்டிட்டுப் போனாரு. எட்டு செகண்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சாரு, ஃபெராரிக்கு வந்து அவருக்கு அதுதான் முதல் வெற்றி. வேகமான கார் தோத்துச்சு ஐயா, டயர காப்பாத்துன கார் ஜெயிச்சுச்சு. நம்ம நாட்டுல நம்ம வெயில்ல நடந்த கதை, எத்தன தமிழ் வாசகருக்கு அது போய்ச் சேர்ந்துச்சு?

அதுக்கு மறு வருஷம், 2016 அக்டோபர்ல, அதே செப்பாங்ல ஹாமில்டன் முன்னால போயிட்டு இருக்காரு, 56 லேப்புல 40 தாண்டியாச்சு, திடீர்னு இன்ஜின் பின்னால இருந்து நெருப்பும் புகையும். பிஸ்டன் தண்டும் கிராங்க் தண்டும் சேர்ற இடத்துல இருக்குற பிக் எண்ட் பேரிங் போச்சுன்னு சொன்னாங்க. லோரி பொமென்கிட்ட கேட்டுப் பாருங்க அந்த பேரிங் போனா என்ன ஆகும்னு, வண்டி அங்கயே உக்காந்துடும். ரிக்கார்டோ ஜெயிச்சாரு, வெர்ஸ்டாப்பன் ரெண்டாவது. ஜெயிச்சா 25 புள்ளி கெடைக்கும், அந்த வருஷ முடிவுல ஹாமில்டன் ரோஸ்பெர்க்கிட்ட சாம்பியன் பட்டத்த வெறும் 5 புள்ளியில விட்டாரு. ஒரு பேரிங். முன்ன காலத்துல ஒரு வாரக் கடைசிக்குள்ளயே எத்தன இன்ஜின் வேணாலும் மாத்திக்கலாம், 2004ல இருந்து ஒரு ரேஸுக்கு ஒண்ணுன்னு கட்டுப்படுத்தி, இப்ப ஒரு சீசன் முழுசுக்கும் மூணு நாலு இன்ஜின வச்சு ஓட்டணும், மேல எடுத்தா பின்னால இருந்து ஸ்டார்ட் பண்ணணும். அதனால எப்ப முழு பவர் எடுக்குறது, எப்ப அடக்கி ஓட்டுறதுங்கிறதும் ஒரு கணக்கு. வேகம் பத்தி மட்டும் எழுதுனா இந்தக் கணக்கெல்லாம் வாசகருக்கு எப்படித் தெரியும்?

2007 சீனா ரேஸையும் சொல்லணும், ஏன்னா அதுல தப்பு டிரைவருது மட்டும் இல்ல. ஹாமில்டன் அப்ப புது ஆள், முதல் வருஷமே சாம்பியன் ஆகப் போறாருன்னு உலகமே பாத்துட்டு இருந்துச்சு, 17 புள்ளி பின்னால இருந்தாரு ரைக்கனன். ஈரம் காய்ஞ்சுட்டு வர்ற ரோட்டுல ஹாமில்டன் மழ டயரோட ஓடிட்டு இருக்காரு, காய்ஞ்ச ரோட்டுல அந்த டயர் சீக்கிரம் தேஞ்சுடும், பின் டயர் தேஞ்சு உள்ள இருக்குற கேன்வாஸ் தெரியுது, டிவியில நமக்கே தெரியுது, டீம் இன்னும் மழ வருமோ வராதோன்னு காத்துட்டு வெளியவே விட்டுட்டாங்க. கடைசியில பிட்டுக்குள்ள வர்ற வளைவுல பிடிப்பே இல்லாம சறுக்கிப் போய் மணல்ல உக்காந்துட்டாரு. அந்த வருஷ பட்டம் ரைக்கனனுக்குப் போச்சு, வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. வழுவழுன்னு தேஞ்சு போன போத்தாக் டயர இன்னும் ஒரு டிரிப் தாங்கும், அடுத்த சம்பளத்துக்கு மாத்திக்கலாம்னு சொல்ற லோரிக்காரங்கள நான் பாக்குறேன், உலகத்துலயே பெரிய டீம் அதையே செஞ்சப்போ எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு.

நம்ம ஆளுங்க கதையும் இருக்கு. கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005ல ஜோர்டான் டீமுக்கு ஓட்டுனாரு, ஃபார்முலா ஒன்ல புள்ளி எடுத்த முதல் இந்தியர் அவருதான், அது எப்படி வந்துச்சு? அமெரிக்காவுல இண்டியானாபோலிஸ் ரேஸ்ல சாய்வா இருக்குற 13வது வளைவுல மிஷலின் டயர் தாங்கல, வெள்ளிக்கிழமையே ரால்ஃப் ஷூமாக்கர் கார் சுவத்துல மோதுச்சு. அந்த வருஷ விதிப்படி தகுதிச்சுத்துக்கும் ரேஸுக்கும் ஒரே செட் டயர்தான். பேசிப் பேசிப் பாத்து ஒண்ணும் ஒத்து வராம, ரேஸ் அன்னைக்கு மிஷலின் போட்ட 14 காரும் ஸ்டார்ட்டுக்கு முன்னால சுத்துற ஃபார்மேஷன் லேப் முடிஞ்சு பிட்டுக்குள்ள போயிடுச்சு, பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 கார் மட்டும் ஓடுச்சு, நாராயண் நாலாவதா வந்தாரு. சில பேரு அத சும்மா கெடைச்ச புள்ளின்னு சொல்வாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. டயர் கம்பெனிய தேர்ந்தெடுக்குறதும் ரேஸ்தான், வண்டிய கடைசி வரைக்கும் உடைக்காம கொண்டுவந்து சேக்குறதும் ரேஸ்தான்.

நடிகர் அஜித் விஷயத்துலயும் இதத்தான் சொல்ல வர்றேன். 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அவரு டீம் அவங்க பிரிவுல மூணாவதா வந்துச்சு, உங்க பேப்பர்லயும் கொடியோட நிக்கிற படம் பெருசா வந்துச்சு, எங்க வீட்டுல என் மகன் வெட்டி வச்சிருக்கான். சந்தோஷம். ஆனா ரேஸுக்கு முன்னால பயிற்சியில அவரு கார் மோதுனதும், அதுக்கப்புறம் டீமோட நன்மைக்காக சொந்த டீம் கார ஓட்டாம ஒதுங்கிக்கிட்டு வேற கார்ல ஓட்டுனதும் எத்தன பேருக்குத் தெரியும்? டீம் முதலாளி, பெரிய நட்சத்திரம், நான்தான் ஓட்டுவேன்னு நின்னிருக்கலாம். 24 மணி நேர ரேஸ்ல யாரு எப்ப ஓட்டணும், எப்ப டயர், எப்ப எண்ணெய், எந்த நேரத்துல வண்டிய அடக்கணும்ங்கிற முடிவுதான் அந்தக் கோப்பைய வாங்கிக் கொடுக்குது. அந்தச் செய்தி சினிமாப் பக்கத்துல வந்தா படம்தான் மிஞ்சும், விளையாட்டுப் பக்கத்துல முழுசா வரணும்.

எங்க ஊருப் பசங்களுக்கும் இது வேணும் ஐயா. தாமான் ரோட்டுல சாயங்காலம் ஆனா கப்சாய்ங்கிற சின்ன மோட்டார எடுத்துட்டு ஒல்லி டயர மாட்டிக்கிட்டு படுத்துக்கிட்டே ஓட்டுறாங்க, எவ்வளவு வேகம் போனான்ங்கிறதுதான் பேச்சு. திட்டுனா கேக்க மாட்டாங்க. ஆனா மோட்டோஜிபி, அதாவது உலக மோட்டார் சைக்கிள் ரேஸ், அதுல ஓட்டுற ரைடர் முதல் பத்து லேப் பின் டயர காப்பாத்தி வச்சு, மத்தவங்களுக்கு டயர் வழுக்குறப்போ கடைசி அஞ்சு லேப்புல தாண்டிப் போனாருன்னு விளக்குனா உக்காந்து கேக்குறாங்க, நான் கடையில பாத்திருக்கேன். காய்ஞ்ச ரோட்டுல மோட்டோஜிபில டயர் மாத்த நிக்க மாட்டாங்க, ஸ்டார்ட்டுல போட்ட டயர்தான் முடியுற வரைக்கும், அதனால சாஃப்ட்டா மீடியமாங்கிற முடிவுலயே பாதி ரேஸ் போயிடுது. வொகேஷனல் காலேஜுல வாகனம் படிச்ச நம்ம பசங்க இருக்காங்க, ரேஸ் டீம்ல டயர் பாக்குற வேலைன்னு ஒண்ணு இருக்கு, டெலிமெட்ரி, அதாவது ஓடுற வண்டியில இருந்து வர்ற தகவல, பாக்குற வேலைன்னு ஒண்ணு இருக்குன்னு அவங்களுக்கு யாரு சொல்லுவா? பால்மரம் சீவுன நம்ம தாத்தா பாட்டி எடுத்த ரப்பர்தான் உலகம் பூரா டயராச்சு, இன்னைக்கும் லோரி டயர்லயும் ஏரோப்ளேன் டயர்லயும் இயற்கை ரப்பர்தான் அதிகம், உள்ளுக்குள்ள சூடு கம்மியா ஏறும்ங்கிறதால. டயர் பத்தி எழுத நம்ம பேப்பருக்கு இல்லாத உரிமை வேற யாருக்கு இருக்கு?

நான் கேக்குறது பெரிய செலவு இல்ல. ரேஸ் முடிஞ்ச மறுநாள் இன்னும் பத்து வரி கூட போடுங்க. ஜெயிச்சவரு எத்தன தடவ டயர் மாத்துனாரு, எந்த லேப்புல, ரெண்டாவது வந்தவரு ஏன் வேற மாதிரி செஞ்சாரு, நின்னு போன வண்டியில எது போச்சு. பின்னால வர்றவரு ஒரு லேப் முன்னாடியே உள்ள போய் புது டயரோட வேகமா சுத்தி, முன்னால இருந்தவரு டயர் மாத்தி வெளிய வர்றதுக்குள்ள தாண்டிடுற வித்தைய ஒரு தடவ படம் போட்டு விளக்குனா போதும், அப்புறம் வாசகரே பாத்துக்குவாங்க.

இந்த வருஷம் செப்பாங் மோட்டோஜிபி வர்றப்போ சனிக்கிழமை ஸ்பிரிண்ட் ஓடும், அது பாதி தூரம்தான், அதுல யாரு எந்த பின் டயர் போட்டாங்க, கடைசி லேப்புங்கள்ல யாரோட டைம் எவ்வளவு விழுந்துச்சுன்னு ஞாயித்துக்கிழமை காலைப் பேப்பர்ல ஒரு சின்னக் கட்டம் போடுங்க, கூடவே மத்தியானம் மழைக்கு வாய்ப்பு எப்படின்னும் போடுங்க. ரேஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மாமாக் கடையில டிவி முன்னால உக்காந்து அத கையில வச்சுக்கிட்டு பாக்க எங்க ஊருல ஆளு இருக்கு.

இப்படிக்கு,
டயர் கடைத் தொழிலாளி ஒருவர்,
பந்திங், சிலாங்கூர்.