கேம் மாஸ்டர் நடத்தும் துணைப்பாத்திரங்களுக்கும் ஒரு வேலை இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு கொழும்புப் பிள்ளைகளிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' இதில் மூத்தது. ஆடுபவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். மிச்ச ஊர் முழுவதையும், கடைக்காரர் முதல் காவற்காரர் வரை, கதையை நடத்தும் கேம் மாஸ்டர் ஒருவரே பேச வேண்டும். இவர்கள்தான் துணைப்பாத்திரங்கள். சறுக்குவது இந்த இடத்தில்தான். பூதத்தின் பலம் விதிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. சத்திரக்காரி ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

வழமையாக நடக்கும் பிழை, ஆடுபவர்கள் வரும்வரை துணைப்பாத்திரம் சும்மா நிற்பது. கேட்டவுடன் எல்லாவற்றையும் ஒப்புவிப்பார், அல்லது ஒன்றுமே தெரியாது என்பார். இரண்டும் ஒன்றுதான், அவருக்கென்று அன்றைக்கு ஒரு வேலை இல்லை.

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடை என்று வைத்துக்கொள்வோம். மேல்மாடியை வாடகைக்கு எடுத்தவர் யார் என்று விசாரிக்க ஆடுபவர்கள் வருகிறார்கள். கணக்கப்பிள்ளை லொறியில் இருந்து இறங்கும் வெங்காய மூட்டைகளை எண்ணுகிறார். "முப்பத்தேழு, முப்பத்தெட்டு... என்ன தம்பி, கெதியாச் சொல்லும்... முப்பத்தொன்பது." அவ்வளவு போதும். இடையில் மறித்துக் கேட்டால் எண்ணிக்கை பிசகி எரிந்து விழுவார். ஒருவர் எண்ணிக்கைத் துண்டை வாங்கி மூட்டைக்கு ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் வாய் திறப்பார். எதைச் செய்வதென்று ஆடுபவர்களே யோசிக்கட்டும்.

இதற்குத் தபாலட்டை அளவில் ஒரு மட்டையும் மூன்று வரியும் போதும். முதல் வரி, இன்றைக்கு அவருக்கு என்ன வேண்டும். 'குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும்' என்று எழுதினால் அதை வைத்து மேசையில் ஒன்றும் செய்ய முடியாது. 'மழைக்கு முன் 80 மூட்டையும் உள்ளே போக வேண்டும்' என்று எழுதுங்கள். இரண்டாவது, அவருக்கு என்ன தெரியும், அது எங்கே முடிகிறது. வாடகைக்காரர் வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகு வருவார், புது நோட்டாகக் கொடுப்பார், பெயர் தெரியாது. மூன்றாவது, என்ன கொடுத்தாலும் செய்யமாட்டாதது. முதலாளியின் கணக்குக் கொப்பியைக் காட்டமாட்டார்.

பலர் விட்டுவிடுவது இந்த மூன்றாவது வரியைத்தான். அது இல்லாவிட்டால் ஒருவர் பேசி இணங்கவைக்க உருட்டும் இருபது முகப் பகடையில் 20 போட்டவுடன் அந்த மனிதர் கடைச் சாவியையே நீட்டிவிடுவார். 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' விளையாட்டின், 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பின் கேம் மாஸ்டர் நூலே இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. பகையாக இருப்பவரிடம் பகடை எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணையும் கூட்டி 20 வந்தாலும், தனக்கு ஆபத்தோ இழப்போ இல்லாத உதவியை மட்டுமே அவர் செய்வார்.

குரலை மாற்றிப் பேசுவதில் மினக்கெடத் தேவையில்லை. பத்து நிமிடத்தில் எல்லாப் பாத்திரமும் சினிமா வில்லன் போலப் பேசத் தொடங்கிவிடும். மலையகப் பேச்சையோ முஸ்லிம்களின் பேச்சையோ சிரிப்புக்கு எடுத்தால் மேசையில் இருப்பவருக்கே நோகும். தமிழில் ஆடுபவர்களுக்கு இதைவிட நல்ல கருவி கையிலேயே இருக்கிறது. யாழ்ப்பாண வழக்கில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி உண்டு. சுங்க அதிகாரி பட்டுச் சால்வைக்காரரிடம் 'நீங்கள்', அவருடைய ஆளிடம் 'நீர்'. பெட்டிக்குள் கள்ளச் சாமான் அகப்பட்டதும் இருவருக்கும் 'நீ'. கோபம் என்று தனியாகச் சொல்லவே வேண்டாம். அதே காட்சியை ஆங்கிலத்தில் நடத்தினால் இந்த வசதி கிடையாது. ஆனாலும் தமிழ்ப் பிள்ளைகள் ஏனோ ஆங்கிலத்திலேயே நடத்துகிறார்கள்.

முன்பின் தெரியாத ஒருவர் எப்படி வரவேற்பார் என்று தெரியாவிட்டால் அதே விளையாட்டின் 1981 அடிப்படைப் பதிப்பின் வழி இன்னும் நல்லது. இரண்டு ஆறுமுகப் பகடை போட வேண்டும். 2 வந்தால் உடனே பாய்வார், 12 வந்தால் உற்சாகமாக நட்புக் கொள்வார், 6 முதல் 8 வரை வந்தால் தயங்கி நிற்பார். மொத்தம் 36 விழுகைகளில் 16 இந்தத் தயக்கத்துக்கே போகின்றன. உடனே பாய்வதற்கு ஒன்றுதான். பேச்சுக்கு அதிக இடம் கிடைப்பது அந்த 16 இல்தான்.

இரண்டு துணைப்பாத்திரங்கள் தங்களுக்குள் பேசினால் கேம் மாஸ்டர் தனியே நாடகம் போடுவார், மற்றவர்கள் கைப்பேசியை எடுப்பார்கள். 'இருவரும் வாடகைக்காகச் சண்டை பிடிக்கிறார்கள், கிழவர் கோபித்துக்கொண்டு போகிறார்' என்று ஒரு வசனத்தில் சொல்லிக் கடந்துவிடலாம். கூலிக்குக் கூடவரும் வழிகாட்டி புதிரை அவிழ்க்கக் கூடாது. வழி காட்டட்டும், கூலி கேட்கட்டும், நிலைமை மோசமானால் ஓடட்டும். பொய் சொல்பவர் என்றால் அதற்கு ஓர் அடையாளம் கண்ணில் படவேண்டும்: கடை பூட்டியிருந்தது என்கிறார், கையில் அதே கடையின் இன்றைய பற்றுச்சீட்டு. அப்படி ஒன்று இல்லாவிட்டால் கேம் மாஸ்டரே ஏமாற்றினார் என்று நினைப்பார்கள், பிறகு யாரையும் நம்பமாட்டார்கள். கதை நகரத் தேவையான துப்பை ஒரே ஆளிடம் வைப்பதும் ஆபத்து. அவரை முதற் சந்திப்பிலேயே வெட்டிப் போடுகிற ஆட்கள் எல்லா மேசையிலும் உண்டு. மூன்று இடத்தில் வையுங்கள்.

பெயர்களையும் முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது. ஒரு டசின் போதும். கொழும்பில் நடக்கும் கதையென்றால் தமிழ், சிங்கள, முஸ்லிம், மலாய், பறங்கிப் பெயர்கள் கலந்து, முதலெழுத்து வேறுவேறாக இருக்கட்டும். ரவியும் ராஜனும் ரமேஷும் ஒரே சந்தையில் நின்றால் யார் யாரென்று ஒருவருக்கும் ஞாபகம் நிற்காது.

தங்கள் வார இதழின் சிறுவர் பக்கத்தில் இந்த மூன்று வரி மட்டையை வெறுமையாக, ஒரு பக்கத்துக்கு எட்டு வீதம் அச்சிட்டுத் தந்தால், வெட்டி எடுத்து அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
கொழும்பு 06