ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருமுறை வாருங்கள்

தொழிற்சாலைப் பாதுகாப்பை மேற்பார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். அம்பத்தூர் பக்கம் சின்ன பவுண்டரிகளில், அதாவது உலோகத்தை உருக்கி வார்க்கிற பட்டறைகளில், 22 வருடமாக பர்னஸ் (உலை) வேலை பார்க்கிறவன் நான். எங்கள் உலைகளில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் விஷயமாக ஏற்கெனவே இரண்டு முறை மனு எழுதினேன், பதில் வரவில்லை. அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

ஆஸ்பெஸ்டாஸ் என்றாலே பலருக்குக் கூரை ஷீட்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு அது உலைக்குள்ளேயே இருக்கிறது. இண்டக்‌ஷன் பர்னஸில், அதாவது மின்சாரத்தால் உலோகத்தை உருக்கும் உலையில், காயிலை (செம்புச் சுருளை) ஒட்டி ஒரு சுற்று ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வைத்து, அப்புறம்தான் சூடு தாங்கும் உள்பூச்சான லைனிங் மண்ணைக் கொட்டி இடித்து இறுக்குவோம். மூடிக்கும் கதவுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு. பாரிமுனைக் கடைகளில் கேட்டால் கிலோ கணக்கில் தருவார்கள். "வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ்தான், ஒன்றும் செய்யாது" என்று சொல்லியும் அனுப்புவார்கள். வெள்ளையோ நீலமோ, எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அது உங்களுக்குத் தெரியும்.

போன மாதம் எங்கள் பட்டறையில் லைனிங் உடைத்தோம். ஒடிசாவிலிருந்து வந்த பையன், இருபது வயதுகூட ஆகவில்லை. கடப்பாரையால் மண்ணைப் பெயர்த்துவிட்டு, காயில் பக்கம் ஒட்டியிருந்த ஷீட்டை வெறுங்கையால் சுரண்டினான். சூட்டில் வெந்து வெந்து அது அப்பளம் மாதிரி நொறுங்கியது. வாயில் ஒரு துண்டைக் கட்டியிருந்தான், அவ்வளவுதான் பாதுகாப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கவில்லை. கீழே விழுந்ததை விளக்குமாற்றால் பெருக்கி, மிச்சத்துக்கு கம்ப்ரஸர் காற்றை அடித்தார்கள். பிய்ந்து கிடந்த கயிற்றை எடுத்து, "அண்ணா, இது பஞ்சா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை. மூன்று மாதமாக அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு அது என்னவென்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை.

கண்ணுக்குத் தெரிகிற தூசி மட்டும் பிரச்சினை இல்லை. கண்ணுக்கே தெரியாத நார்தான் நுரையீரலுக்குள் போய் உட்காருகிறது. நோய் வெளியே தெரிய 20, 30, 40 வருடம்கூட ஆகும். அப்போது அந்தப் பையன் எந்த ஊரில் இருப்பானோ! எந்தப் பட்டறையில் வேலை பார்த்தான் என்பதற்கு அவனிடம் ஒரு சீட்டுகூட இருக்காது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளின் மருத்துவப் பதிவேட்டை 40 வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொன்னது. எங்கள் பட்டறையில் காண்ட்ராக்ட் ஆளின் பெயர் சம்பள நோட்டில் இருக்கும், அந்த நோட்டும் வருடம் முடிந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போகும். 22 வருடத்தில் எனக்கு ஒருமுறைகூட மார்பு எக்ஸ்ரே எடுத்ததில்லை.

என் வேலைச் சட்டையை என் மனைவி உதறித்தான் ஊற வைப்பாள். இப்படித் துணி துவைத்தே நோய் வந்த பெண்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து, நானே தண்ணீரில் முக்கி வைக்கிறேன். இத்தனை வருடம் போனதற்கு யாரிடம் கேட்பது?

நீங்கள் ஆய்வுக்கு வராமல் இல்லை. வருகிறீர்கள், தீயணைப்பானின் தேதியைப் பார்க்கிறீர்கள், ரிஜிஸ்டரைப் பார்க்கிறீர்கள். அன்று உலை எரிந்துகொண்டிருக்கும், பக்கத்தில் போக முடியாது. பத்துப் பேர்கூட இல்லாத பட்டறை என்றால் அதுவும் கிடையாது. ஆள் குறைந்தால் நுரையீரல் வேறாகிவிடுமா? மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன்.

கேட்பது இதுதான். லைனிங் உடைக்கும் நாளில் வந்து பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஷீட்டும் கண்ணாடி நார்க் கயிறும் கடையில் கிடைக்கின்றன, இனி அதைத்தான் போட வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பதை நனைத்துத்தான் எடுக்க வேண்டும், சரியான முகமூடி தர வேண்டும், காற்று அடிக்கவே கூடாது. உடைத்த ஷீட்டை மற்றக் குப்பையோடு கொட்டவும் கூடாது. காண்ட்ராக்ட் ஆள் உட்பட எல்லோருக்கும் மருத்துவப் பதிவு வேண்டும்.

லைனிங்கைப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் உடைப்பார்கள், உற்பத்தி நிற்கிற நாள் அது. உங்கள் அலுவலகத்துக்கும் அன்று விடுமுறை என்று தெரியும். தயவுசெய்து ஒரு ஞாயிறு மட்டும் வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு பர்னஸ் தொழிலாளி, சென்னை