சொன்னதை எழுதுகிறவன்

மாப்ளே,

உன் மூணு கடிதத்துக்கும் பதில் போடலை. திட்டு, ஆனா படிச்சிட்டுத் திட்டு. வேலை கிடைச்சிருச்சு, ஒண்ணாம் தேதி சேரணும். அம்மா சௌக்கியம். குட்டையன் வாங்கின பணத்தை இன்னும் தரலை.

சொல்ல வந்தது வேற. வேலை போய் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தேனே, அப்போ பார்வையில்லாத பிள்ளைகள் பதிலைச் சொல்லச் சொல்ல அவங்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுக்கப் போனேன். ஸ்கிரைப்னு சொல்லுவாங்க. சிரிக்காதே, கணக்கு வாத்தியார் 'கோழி கிளறின குப்பை'ன்னு சொன்ன அதே கையெழுத்துதான்.

முதல் நாளே சோதனை. வரலாற்றுத் தாள். பிரெஞ்சுப் புரட்சி 1798-ன்னு சொல்றான் பையன். 1789-ன்னு எனக்குத் தெரியும், நாக்கு நுனி வரை வந்துருச்சு. சொன்னா அது அவன் பரீட்சை இல்லையே. 1798-ன்னே எழுதினேன். அரை மணி கழிச்சு, "அண்ணே, முதல் பதிலை வாசிங்க"ன்னான். வாசிச்சேன். அவனே திருத்தினான். எனக்குத்தான் வேர்த்துப் போச்சு. அடுத்தவன் பேசும்போது நான் வாயை மூடிக்கிட்டிருந்தது அன்னிக்குத்தான் முதல் தடவை. பழைய வேலை போனதுக்குப் பாதிக் காரணம் இந்த வாய்தான், உனக்குத் தெரியாததா?

இப்போ கிடைச்சது வாடிக்கையாளர் புகார் கேட்கிற வேலை. நேர்காணலில் "இடையில ஒரு வருஷம் என்ன செஞ்சீங்க?"ன்னு கேட்டாங்க. இந்த 1798 கதையைச் சொன்னேன். அப்புறம் அதைப் பத்தியேதான் பேச்சு.

அமெரிக்காவில 2013-ல வந்த ஒரு அரசு அறிக்கை, வேலை தேடுறவங்கள்ல தன்னார்வப் பணி செய்யறவங்களுக்கு வேலை கிடைக்கிற வாய்ப்பு 27 சதவீதம் கூடுதல்னு சொல்லுது. எனக்கு முழு நம்பிக்கை இல்லை. சும்மா இருக்க முடியாதவன் தொண்டுக்கும் போவான், வேலையும் தேடிப் பிடிப்பான். தொண்டுன்னு கூப்பிட்டு, சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை ஓசியில வாங்குறவங்களும் இருக்காங்க. அப்படி ஒரு இடத்தில ரெண்டு மாசம் ஏமாந்தேன்.

ஆனா ஒண்ணு உறுத்துது. அந்தப் பையனைக் காட்டி நான் வேலை வாங்கிட்டேனோ? அவன்கிட்டயே கேட்டேன். "நான் உங்களை வச்சுப் பாஸானேன், நீங்க என்னை வச்சுப் பாஸானீங்க, விடுங்கண்ணே"ன்னுட்டான். எனக்கு இன்னும் விடலை. நீ என்ன நினைக்கிறே?

அடுத்த மாசம் அவனுக்கு மறுபடி ஒரு வரலாற்றுப் பரீட்சை. எனக்கு லீவு கிடைக்காது. அந்தப் பாடத்தையே படிச்சவங்களைப் பல இடத்தில எழுத விட மாட்டாங்க. வரலாற்றில ரெண்டு தடவை கோட்டை விட்ட உன்னை விட்டா எனக்கு யாரைத் தெரியும்? தேதி அனுப்பறேன், வந்துடு.

உன்,
கோழிக்கிறுக்கல்